லெட்டெரா 22: வீட்டில் வைத்துச் சீர்செய்ய ஏற்ற டைப்ரைட்டர்

பழைய டைப்ரைட்டர் சேர்க்கப் போகிறேன், முதலில் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் ஒலிவெட்டி லெட்டெரா 22-ஐத்தான் சொல்வேன். மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்து 1950-இல் வெளிவந்த இத்தாலிய இயந்திரம். 1954-இல் கொம்பாசோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருதும் பெற்றது. அழகுக்காகவே வாங்குகிறவர்கள் நிறைய. எனக்குப் பிடித்தது அதன் எடை. நான்கு கிலோகூட வராது, மேசையில் தலைகீழாகப் புரட்டிப் போட்டு நிதானமாக வேலை பார்க்கலாம்.

என்னுடையது கைக்கு வந்தபோது பாதி எழுத்துகள் மேலே போய் அப்படியே நின்றுவிட்டன. பார்த்தால் பெரிய கோளாறு மாதிரி தெரியும். அநேகமாக வெறும் அழுக்குதான். எழுத்துக் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அரைவட்டப் பள்ளங்களில் பழைய எண்ணெயும் தூசியும் கலந்து பிசினாகிவிடும். பழைய டூத்பிரஷ்ஷை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் இளக்கும் ஒரு பெட்ரோலியத் திரவம்) தொட்டு, ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, கம்பியை ஆட்டிவிட்டு, துடைத்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். ஆல்கஹால் பெயின்ட்டைக் கெடுக்கக்கூடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. தயவுசெய்து அந்தப் பள்ளங்களில் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கு நன்றாக ஓடும், அப்புறம் தூசியைப் பிடித்து முன்பைவிட மோசமாக இறுகிக்கொள்ளும். சுத்தமான பிறகு கம்பிகள் ஒவ்வொன்றும் தானாகவே சட்டென்று திரும்பி விழும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்கிறேன்.

மை ரிப்பன் பற்றிக் கவலை வேண்டாம், அரை அங்குல ரிப்பன் இன்றும் கிடைக்கிறது. ஒரு சுருள் தீர்ந்ததும் ரிப்பன் இறுகும், அந்த இழுப்பே நெம்புகோலைத் தள்ளித் திசையை மாற்றிவிடும். அருமையான யோசனை!

குறை என்றால் தாளைச் சுற்றும் ரோலர்தான். வயதான ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். சத்தம் காதைக் குத்தும், தாள் வழுக்கும். புது ரப்பர் போடுவது வீட்டில் ஆகிற காரியமில்லை, அதற்கென்று ஆள் வேண்டும். அதுவரை பின்னால் இன்னொரு தாள் சேர்த்து வைத்து அடித்தால் சத்தமும் தணியும், ரோலரிலும் குழி விழாது. பக்கம் பக்கமாக அடிப்பதென்றால் கனமான மேசை இயந்திரம்தான் விரலுக்குச் சுகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது கேரேஜ், அதாவது ரோலரோடு பக்கவாட்டில் நகரும் மேல்பகுதி, நகரவில்லை என்றால் உடனே ஒதுக்க வேண்டாம், அதை இழுக்கும் கயிறு மட்டும் அறுந்திருக்கலாம். கீழே விழுந்து சட்டம் கோணியது என்றால் மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.