பேனலுக்கு வெயில், பாட்டரிக்கு நிழல்

சோலார் சைக்கிள் என்றதும் முதுகில் பேனலைச் சுமந்து ஓடும் சைக்கிள்தான் பலருக்குக் கண்ணில் வரும். எனக்கும் அப்படித்தான். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் லித்தியம் பாட்டரி உள்ள இ-சைக்கிளை வாங்கி, காரியருக்கு மேல் 50 வாட் வளையும் பேனல் ஒன்றை மாட்டினேன். ஆறு மாதத்தில் அதைக் கழற்றிவிட்டு, 100 வாட் கண்ணாடி பேனலைக் கடைக் கூரையில் போட்டேன். இரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன்: கூரைதான் சரி.

காரியர் பேனல் போதாது என்பதைச் சொல்லவே வேண்டாம். சூரியன் பக்கம் திருப்பி வைக்க முடியாது. ஒரு வேப்பங்கிளையின் நிழல் குறுக்கே விழுந்தாலே மின்சாரம் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடும். லாரி கடக்கும்போது காற்று சைக்கிளையே இழுக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

பொறுக்க முடியாதது சூடு. பேனல் வேலை செய்ய வேண்டுமென்றால் சைக்கிள் பகல் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். பேனலோடு சேர்ந்து பாட்டரியும் வேகும். லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதுதான் பொதுவான கணக்கு. மே மாதம் மதியம் என் பாட்டரிப் பெட்டியில் கை வைக்க முடியவில்லை. உள்ளே பாட்டரியைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிட்டது, அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், பேனல் சும்மா. அது நிறுத்தியதே நல்லது. சூட்டில் நின்று நின்று ஆயுசு குறைந்தால், இந்த சைக்கிளிலேயே விலை கூடிய சாமானை அல்லவா மாற்ற வேண்டும்? பேனலுக்கு வெயில் வேண்டும், பாட்டரிக்கு நிழல் வேண்டும். இரண்டையும் ஒரே சைக்கிளில் ஏற்றினால் ஒன்று கெடத்தான் செய்யும்.

இப்போது காலையில் கடைக்கு வந்ததும் சாவி போட்டு பாட்டரியைக் கழற்றி உள்ளே மேஜைக்குக் கீழே வைக்கிறேன். கூரையிலிருந்து ஒயர் இறங்கி, 36 வோல்ட் பாட்டரி முழுசாக நிறையத் தேவையான 42 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் கன்ட்ரோலர் வழியாக சார்ஜ் ஏறுகிறது. போய்வர 18 கிலோமீட்டருக்கு 200 வாட்-அவர் (ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட்) போல செலவாகும். நல்ல வெயிலில் இந்தப் பேனல் இழப்பெல்லாம் போக ஒரு நாளைக்கு 350 வரை தரும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பெரும்பாலும் நிறைந்துவிடும். சைக்கிள் மர நிழலில் நிற்கும். ஆகவே வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, பாட்டரி கழன்று வருமா என்பதை. லெட் ஆசிட் மலிவுதான். ஆனால் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும், தினமும் தூக்க முடியாது. பகலில் சைக்கிள் நிற்கும் இடத்தில் சொந்தக் கூரை இல்லாதவருக்கு என் வழி உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டு மாடியில் பேனல் போட்டுவிட்டு, பகலில் பாட்டரியை வெளியே கொண்டுபோனால் என்ன பயன்?

அப்புறம் மூன்றாவது போட்டியாளர்: வீட்டு ப்ளக். பணக் கணக்கில் அதுதான் ஜெயிக்கும். என் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 15 யூனிட் தாண்டாது. வீட்டுக்கு 100 யூனிட் இலவசம். பேனல் போட்ட காசு திரும்ப வரும் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆள் தூங்கும்போது பாட்டரி சார்ஜில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை, பகலில் கண்முன்னால் ஏறட்டும் என்றுதான் செய்தேன். ஐப்பசி அடைமழையில் நானும் வீட்டு ப்ளக்தான். கூரைக்கு மாறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பாட்டரி இன்னும் பழைய தூரம் ஓடுகிறது. ஐந்து வருஷம் தாங்குமா என்று இப்போதே கேட்காதீர்கள்.

காரியரிலிருந்து இறங்கிய 50 வாட் பேனலை ஒரு டிசி ஃபேனோடு நேராக இணைத்துக் கடையில் வைத்திருக்கிறேன். வெயில் ஏற ஏற வேகமாகச் சுற்றுகிறது.