பிஃபாஸ் சென்சார்கள்: குழியை அடைத்தது யார்?

பிஃபாஸ் என்பது கார்பனும் ஃப்ளூரினும் இறுகப் பிணைந்த, எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்களின் குடும்பம்; அதில் ஒன்று பி.எஃப்.ஓ.எஸ். குடிநீரில் இந்தப் பி.எஃப்.ஓ.எஸ். லிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் வரம்பு விதித்தது. 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் நீச்சல் குளத்துக்கு இது 10 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை.

இவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். கால் லிட்டர் நீரில் உள்ளதை ஒரு மில்லிக்குள் செறிவாக்கி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) கொடுத்தால், 18 பிஃபாஸ் சேர்மங்களைப் பெயர் பெயராகப் பிரித்துச் சொல்லும். ஆனால் கருவியின் விலை கோடி ரூபாயைத் தாண்டும், முடிவுக்கும் காத்திருக்க வேண்டும். நீரில் உள்ள பொருளை மின்முனையில் மின்சார அளவீடாக மாற்றிக் காட்டும் மின்வேதி சென்சாரின் தேவை இங்கேதான் வருகிறது.

சிக்கல் என்னவென்றால், ஈயம் போன்றவை மின்முனையில் எலக்ட்ரானை வாங்கித் தாமே காட்டிக்கொடுக்கும். பிஃபாஸ் அப்படி இல்லை. கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு சாதாரண மின்னழுத்தத்துக்கு அசையாது. அதனால் எல்லாச் சென்சார்களும் சுற்றிவளைத்தே பிடிக்கின்றன.

அதிகம் பேசப்படுவது அச்சு பாலிமர். பி.எஃப்.ஓ.எஸ். மூலக்கூறை நடுவில் வைத்து மின்முனைமேல் பாலிமர் படலம் வளர்த்து, பிறகு மூலக்கூறைக் கழுவி எடுத்துவிடுவார்கள். அதன் வடிவிலேயே குழி மிஞ்சும். சோதனை நீரில் எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் ஃபெரோசீன் வகைச் சேர்மம் ஒன்றைச் சேர்த்து மின்னோட்டம் அளப்பார்கள். குழிகளில் பி.எஃப்.ஓ.எஸ். வந்து உட்கார உட்கார, அந்தச் சேர்மம் மின்முனையை எட்டும் வழி அடைபட்டு மின்னோட்டம் குறையும்.

ஃபெரோசீனையும் விட்டுவிட்டு, நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஆக்சிஜனையே பயன்படுத்துவது இதன் இன்னொரு வடிவம். ஆற்று நீரிலேயே வேலை செய்யும் என்று 2020-இல் காட்டினார்கள். ஆற்றங்கரையில் எதையும் கலக்க வேண்டாம் என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் வெயில் ஏறினால் கரைந்த ஆக்சிஜன் குறையும். அளவீட்டின் தொடக்கப் புள்ளியே நகர்ந்துவிடும்.

இரண்டுக்கும் பொதுவான வியாதி ஒன்று உண்டு. மின்னோட்டம் குறைந்தது பி.எஃப்.ஓ.எஸ். வந்ததாலா, மக்கிய இலைகளின் ஹியூமிக் அமிலம் படலத்தை மூடியதாலா? வரைபடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மூன்றாவது வழி, குரோமியம் கலந்த நுண்துளைப் பொருளில் பி.எஃப்.ஓ.எஸ்-ஐப் பிடித்து மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் தடையை) அளப்பது. லிட்டருக்கு அரை நானோகிராம் வரை இறங்கியிருக்கிறார்கள். ஆனால் கிணற்றுக்குக் கிணறு உப்பு மாறும்போது மின்மறுப்பும் சேர்ந்து ஆடும்.

சரி, எதை எடுப்பது? முன்பின் தெரியாத கிணற்று நீர் என்றால் மூன்றையும் நம்ப மாட்டேன், மாதிரியை ஆய்வகத்துக்கே அனுப்புவேன். சுத்திகரிப்பு நிலையத்தில் கரி வடிகட்டியின் வெளிவாய் வேறு கதை. அங்கே தினமும் ஏறக்குறைய ஒரே நீர்தான், அதனால் நேற்றைய அளவோடு இன்றையதை ஒப்பிட்டாலே போதும். ஆக்சிஜன் முறையோடு ஒரு வெப்பமானியும் இருந்தால் கரி எப்போது களைக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கரியைத் தாண்டி முதலில் கசிவது சிறிய பிஃபாஸ்கள்தான். வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்று நீரைக் குடிக்கும் வில்மிங்டன் நகரின் தலைவலி ஜென்எக்ஸ் என்ற சிறிய பிஃபாஸ். அங்கே பி.எஃப்.ஓ.எஸ். குழி வெட்டிய சென்சாரை மாட்டினால் உதவாது; குழியை ஜென்எக்ஸ் வடிவில் வெட்ட வேண்டும்.