இரும்புக் கம்பியா, மூங்கில் குச்சியா?

இறைச்சியைக் குத்திச் சுட எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு, பாதி பதில் வரலாற்றிலேயே இருக்கிறது.

பழமை: குச்சி மட்கிப் போகும் என்பதால் சான்றுகள் பெரும்பாலும் கம்பியின் பக்கம்தான். கிரேக்கத்தின் சாந்தோரினி தீவில், அக்ரோத்திரி அகழாய்வில், கி.மு. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய தாங்கிகள் கிடைத்தன. மேல் விளிம்பில் கம்பி வைக்க எதிரெதிரே பள்ளங்கள். அடியில் கரிக்குக் காற்றுப் போக வரிசையாகத் துளைகள். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! பிற்காலக் கிரேக்கர்களுக்குக் கம்பி பணமாகவும் இருந்தது. ‘ஓபெலோஸ்’ என்றால் சுடுகம்பி; ‘ஓபோல்’ நாணயத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆறு ஓபோல் ஒரு கைப்பிடி, அதாவது ஒரு ‘திராக்மா’ (இதுவும் கிரேக்க நாணயம்தான்).

சூடு:
கம்பி – வெப்பத்தை உள்ளே கடத்தும், பெரிய துண்டும் நடுவரை வேகும்.
குச்சி – கடத்தாது. சின்னத் துண்டுக்கே சரி.

பிடிமானம்: உருண்டைக் கம்பியில் துண்டு வழுக்கிச் சுழலும். கொத்துக்கறியைக் கம்பியில் அப்பிச் சுடும் துருக்கியின் அதானா கபாபுக்கும் ஈரானின் கூபிதேவுக்கும் அகலத் தட்டைக் கம்பி வந்தது இதனால்தான். உருண்டைக் கம்பியில் கொத்துக்கறி எளிதில் நிற்காது.

செலவு: கம்பி ஒருமுறை. குச்சி தீரத் தீர. அதோடு அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவும் வேண்டும், இல்லையென்றால் நுனி கருகும்.

கொத்துக்கறி, பெரிய துண்டு, அடிக்கடி சமையல் என்றால் தட்டைக் கம்பியே. ஜப்பானின் யாக்கிதோரி, இந்தோனேசியாவின் சாத்தே போலக் கடிக்கிற அளவுத் துண்டுகளைக் குச்சியோடு கையில் கொடுக்க மூங்கில். சாத்தேக்குத் தென்னை ஈர்க்கும் உண்டு.