தள்ளுவண்டியா, வேனா: ஒரு ரசவடைக் கணக்கு

ரசவடையும் பழம்பொரியும் (ஏத்தம்பழ பஜ்ஜி) போட்டு விற்கலாம் என்று பேச்சு வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நானும் வீட்டுக்காரரும் தள்ளுவண்டி. அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அத்தான், பழைய டாடா ஏஸ் சரக்கு வேன் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தை அடுக்களையாக்கினார். எங்களுக்கு வண்டி, அடுப்பு, சட்டி எல்லாம் ஒரு பவுனுக்குள் முடிந்தது. அத்தானுக்கு ஏழு பவுன் போனது. அக்கா இன்னும் அந்த வளையல்களை எண்ணிச் சொல்வாள்.

இரண்டு வருடம் ஆகிறது. யாராவது புதிதாகத் தொடங்குகிறேன் என்று வந்தால் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் லைசென்ஸ் பக்கம்தான் பேசுவேன். நான் தள்ளுவண்டிக்காரி, அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேச்சு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை வேகமாக முடித்துவிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருவருக்கும் வேண்டியிருந்தது. நாங்கள் எடுத்தபோது வருடத்துக்கு 12 லட்சம் விற்பனை வரை சிறு வியாபாரிக்குப் பதிவு போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஐந்து வருடத்துக்குச் சேர்த்து இ-சேவை மையத்தில் கட்டினோம். வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். செய்தித்தாளில் வடை மடிக்கக் கூடாது, பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மாட்டிக்கொள்வீர்கள். இதிலெல்லாம் தள்ளுவண்டி, வேன் என்று பேதம் கிடையாது.

வேனுக்கு மட்டும் உள்ள காகிதங்கள் தனி. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கிற உடலமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. நல்ல பக்கமும் இருக்கிறது: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். கார் ஓட்டும் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அத்தான் இதை எல்லோரிடமும் சொல்லுவார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேனுக்கு ஓட அனுமதி இருக்கிறது. நிற்க?

2014-இல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டத்தில்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிடி இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது உள்ளாட்சி கணக்கெடுக்க வேண்டும், கணக்கில் வந்தவருக்கு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும். அப்ளை பண்ணும்போதே நிலையாக ஒரு இடத்தில் விற்பவரா, நகர்ந்து விற்பவரா என்ற வகை கேட்பார்கள். நாங்கள் நிலையான வகைக்குப் போனோம். துணிக்கடைச் சந்து முனை, மூன்று மணி முதல் ஒன்பது மணி வரை. அட்டையில் என் பெயர்.

அந்த அட்டை இருந்தால் என்ன? இடத்தைக் காலி செய்யச் சொல்வதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். சரக்கை எடுத்துப் போனால் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கெட்டுப்போகிற பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். நிபந்தனைப்படி விற்கிறவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று 27-வது பிரிவு தனியாகவே இருக்கிறது. என் வண்டியை இதுவரை யாரும் எடுக்க வந்ததில்லை, அதனால் இதெல்லாம் நடைமுறையில் எவ்வளவு தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் வந்து விசாரித்தபோது அட்டையைக் காட்டினேன். படித்தார், நேரத்தைப் பார்த்தார், இரண்டு ரசவடை சாப்பிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தானின் கதை வேறு. சட்டத்தில் வேன் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் சான்றிதழ் ஒரு ஊரின் சான்றிதழ். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர்தான். அதற்குள் மாநகராட்சி முடிந்து வில்லுக்குறி பேரூராட்சி, தக்கலையில் பத்மநாபபுரம் நகராட்சி, மார்த்தாண்டம் வந்தால் குழித்துறை நகராட்சி. நம் கன்னியாகுமரி மாவட்டம் அப்படி, ஒரு ஊர் முடிகிற இடம் தெரியாமல் அடுத்தது தொடங்கிவிடும். இதில் ரோடு யாருக்க ரோடு என்பது இன்னொரு கேள்வி. தேசிய நெடுஞ்சாலை என்றால் அதற்கு 2002-இல் வந்த தனிச் சட்டம், மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-இன் தமிழ்நாடு சட்டம். ரயில்வே இடத்தில் சாலையோர வியாபாரிகள் சட்டமே செல்லாது. கோயில் இடம், ஊராட்சி இடம் என்று இன்னும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் அவருக்கு உதவப் போயிருந்தோம். ஒரு கடற்கரை, பெயர் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை, கூட்டம் அப்போதுதான் இறங்குகிறது, சட்டியில் பழம்பொரி பொங்கி வருகிறது. ஒருவர் வந்து, “இங்க நிறுத்தப்பிடாது, எடுங்க” என்றார். அத்தான் பதிவுக் காகிதத்தை நீட்டினார். “இது சாப்பாட்டுக்குள்ளது. ரோட்டுக்குள்ளது எங்க?” என்று அவர் கேட்டதற்கு அத்தானிடம் பதில் இல்லை.

வேன் என்றால் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கொதிக்கிற எண்ணெயோடு வண்டியை எடுக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு எண்ணெய் ஆறக் காத்திருந்தோம். கரைத்து வைத்த மாவு ஒரு பக்கம், உரித்து வைத்த ஏத்தம்பழம் கறுத்துக்கொண்டு ஒரு பக்கம். வாங்க வந்தவர்களிடம் அக்கா “இல்ல மக்ளே, இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பி அடுத்த இடம் பார்த்து அடுப்பு மூட்டும்போது இருட்டி, கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது.

கடன் விஷயத்திலும் அட்டைதான் உதவியது. மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி கடன் சாலையோர வியாபாரிக்கு உரியது, அட்டையைக் காட்டித்தான் வாங்கினோம். முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது, 2025 ஆகஸ்டில் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். அத்தானுக்கு வாகனக் கடன், வாகன வட்டி.

வேன் ஜெயிக்கிற இடங்களையும் சொல்லவேண்டும். நம் மாவட்டத்துக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தார்ப்பாய்க்குக் கீழே நின்று வடை போடுகிற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். திருவிழாக் காலமும் அத்தானுடையதுதான். டிசம்பர் 3-ஐ ஒட்டிக் கோட்டாறு சவேரியார் கோவில், மாசியில் மண்டைக்காடு கொடை என்று அந்தந்த இடத்தில் தரை வாடகை கட்டி நிற்கிறார். அதில் கிடைப்பது எங்கள் ஒரு மாதத்துக்கு மேல் என்பார். திருவிழா வியாபாரம் நான் செய்ததில்லை, அவர் சொல்வதுதான். அப்புறம் விற்கிற பேச்சு. வேனை எப்போது வேண்டுமானாலும் விற்றுக் காசாக்கலாம். என் சான்றிதழை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் கூடாது. நானோ குடும்பத்தில் ஒருவரோதான் நிற்க வேண்டும், வேறு பிழைப்பும் இருக்கக் கூடாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்காரரோ, என்னை நம்பியிருக்கிற பிள்ளையோ அந்தக் காலம் முடியும்வரை தொடரலாம். சம்பளக்காரர்கள் ஓய்வு நேரத் தொழிலாகச் செய்ய நினைத்தால் என் வழி அவர்களுக்கு ஆகாது.

தினசரி வியாபாரம், ஒரே ஊர், கையில் காசு குறைவு என்றால் நான் தள்ளுவண்டி என்பேன். வருடத்தில் பத்துப் பதினைந்து திருவிழாவைக் குறிவைத்து ஓடத் தெம்பு இருந்தால் வேன்.

அத்தான் இப்போது திருவிழா இல்லாத நாட்களில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒருவரின் தோப்பில் மாத வாடகை பேசி வேனை நிறுத்துகிறார். தனியார் இடம், யாரும் எடுக்கச் சொல்வதில்லை. டயருக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, முன்னால் ஓலைப் பந்தல் போட்டு, இரண்டு பெஞ்சும் வாங்கிப் போட்டிருக்கிறார். போன வாரம் போனபோது டயர் ஓரத்தில் புல் முளைத்திருந்தது.