ஆறு சீசன் மஸ்கி வேட்டை: எந்தச் சாமான் கைகொடுத்தது

கனடாவின் ஒன்டாரியோவில் கவார்த்தா ஏரிகளில் ஆறு சீசனாக மஸ்கி பிடிக்கிறேன். பைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நன்னீர் வேட்டை மீன் இது. இதுவரை படகு வரை வந்தவை 11 மீன்கள். 'பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்' என்று இங்கே சொல்வார்கள். வீச்சை நான் எண்ணியதில்லை. ஆனால் நாள் முழுக்க வீசியும் ஒன்றும் தட்டாமல் திரும்பிய நாட்களே அதிகம்.

முதலில் வாங்கியது ஏழு அடித் தூண்டில் கம்பு. இரண்டாம் வருடம் எட்டரை அடிக்கு மாறினேன். காரணம், மஸ்கி நாம் வீசும் போலி இரையைத் துரத்திக்கொண்டு படகடி வரை வரும், கடிக்காது. அப்போது கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, இரையை எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். குட்டைக் கம்பில் வளைவு சிறிதாகிவிடும், அவ்வளவு நீள மீனால் திரும்ப முடியாது. பிஜன் ஏரியில் ஒரு செப்டம்பர் மாலை, பாசிக்கு மேலே இரைக்குப் பின்னால் ஒரு பழுப்பு நிழல் மட்டும் வந்தது. முதல் சுற்றில் ஒதுங்கியது. இரண்டாம் சுற்றில் செவுள் விரிந்து வெள்ளை வாய் திறந்ததைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தேன். 44 அங்குலம். ஊளி மீனின் வாயைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பல்வரிசை புரியும்.

அந்தப் பல்லுக்காகத்தான் 80 பவுண்டு தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பின் முனையில் லீடர், அதாவது பல்லுக்குத் தாங்கும் குட்டைத் துண்டு ஒன்றைக் கட்டுகிறோம். கம்பி லீடர் ஒரு மீனுக்கே முறுக்கிக்கொள்ளும். இப்போது 130 பவுண்டு ஃப்ளூரோகார்பன் என்ற தடித்த பிளாஸ்டிக் இழைதான். ஒவ்வொரு மீனுக்கும் அப்புறம் நகத்தால் தடவிப் பார்த்து, கீறல் பட்டால் மாற்றிவிடுவேன்.

ஆனால் என்னைக் கேட்டால் காசை முதலில் போட வேண்டியது வலையில். ஆரம்பத்தில் முடிச்சுப் போட்ட மலிவு நைலான் வலை வைத்திருந்தேன். ஒரு மீன் அதில் புரண்டு வால் கிழிந்து போனது; இன்றும் மனசு உறுத்துகிறது. 50 அங்குலம் வளர ஒரு மஸ்கிக்குப் பெரும்பாலும் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், அந்த அளவில் இருப்பவை அநேகமாகப் பெண் மீன்கள். அதன்பின் ரப்பர் பூசிய ஆழமான வலை வாங்கினேன், நாலு வருடமாக ஒரு கண்ணிகூட அறவில்லை. மீனை அதற்குள்ளேயே தண்ணீரில் நிறுத்தி தூண்டில் முள்ளை எடுக்கலாம். எடுக்க வராத முள்ளோடு மல்லுக்கட்டாமல், கம்பி வெட்டும் கட்டரால் வெட்டிவிடுங்கள். முள் சில டாலர்தான். கட்டர் இல்லாமல் யாரும் மஸ்கிக்குப் போகவே கூடாது.

நவம்பர்தான் பெரிய மீனின் காலம். ஜார்ஜியன் விரிகுடாவில் 1988-இல் பிடிபட்ட 65 பவுண்டு மஸ்கிகூட இலையுதிர் காலத்து மீன். ஆனால் பின்னல் நரம்பு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வந்து கம்பின் வளையங்களில் பனிக்கட்டியாக அடைத்துவிடும். சில வீச்சுக்கு ஒருமுறை நுனியை ஏரியில் முக்கிக் கரைக்க வேண்டும். இதற்கு நான் வாங்கிய ஸ்ப்ரேக்கள் எதுவும் அரை மணி நேரம் தாங்கவில்லை.

கோடையில் தண்ணீர் 27 டிகிரியைத் தொட்டால் நான் மஸ்கிக்குப் போவதில்லை. அந்தச் சூட்டில் போராடிய மீன், விட்ட பிறகும் செத்துப்போகலாம். அதனால் வலைக்கு அடுத்து வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். பிறகு லைசென்ஸ்: குறைவான மீன்களை மட்டும் வைத்துக்கொள்ள விடும் கன்சர்வேஷன் வகை எடுத்தவர்கள் மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்களுக்கும் ஏரிக்கு ஏரி அளவுக் கட்டுப்பாடு உண்டு, அந்த வருட விதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ரீலின் கைப்பிடி மட்டும் ஆறாவது வருடத்தில் ஆட ஆரம்பித்திருக்கிறது. ஜூனில் சீசன் திறப்பதற்குள் மாற்ற வேண்டும்.