பழைய 318ஐ-யின் ஏர் ஃப்ளோ மீட்டர்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூருக்குள் வருகிற அந்தச் சின்னத் தூரத்தில்தான் வண்டி என் மானத்தை வாங்கும். முழுசாக மிதித்தால் பறக்கும். ஐடிலிங்கிலும் குறையில்லை. மூன்றாவது கியரில் 45, 50-இல் நிதானமாகப் போனால் மட்டும் விக்கல் எடுத்தவர் மாதிரி குலுங்கும். 1989 மாடல் பிஎம்டபிள்யூ 318ஐ. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு டாக்டர் கூடவே கொண்டுவந்தது. என் கைக்கு வந்தது 2021-இல்.

பிளக், பெட்ரோல் ஃபில்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாறின, குலுக்கல் மாறவில்லை. இன்றைய ஸ்கேனர் எதுவும் இதில் நேராகப் பொருந்தாது. ஒரு பட்டறையில் ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் வாலாஜாவில் ஒரு மெக்கானிக் பாய் கேட்ட கேள்விதான் வழி காட்டியது: “எப்பவும் ஒரே ஸ்பீடுலதான் குலுங்குதா சார்?” ஆமாம் என்றேன். “அப்ப ஏர் ஃப்ளோ மீட்டரத் தொறந்து பாருங்க. ஸ்பிரிங்ல மட்டும் கை வெக்காதீங்க.”

பிற்கால வண்டிகளில் சூடான கம்பியை வைத்துக் காற்றை அளப்பார்கள். இதில் இருப்பது ஒரு கதவு. ஏர் ஃபில்டர் டப்பாவை ஒட்டிய அலுமினியப் பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த ஃபிளாப். இன்ஜின் காற்றை இழுக்க இழுக்கத் திறக்கும். அதன் அச்சில் உள்ள மெல்லிய கை ஒரு கார்பன் தடத்தை உரசியபடி நகர்ந்து, எவ்வளவு காற்று என்று, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கம்ப்யூட்டருக்கு வோல்ட் கணக்கில் சொல்லும். பழைய ரேடியோவின் வால்யூம் திருகேதான். திருகு தேய்ந்தால் ரேடியோ கரகரக்கும், இங்கே வண்டி குலுங்கும். எந்த வேகத்தில் அதிகம் ஓட்டுகிறோமோ அந்த இடத்தில்தான் தடம் தேயும். வேலூர் டவுனில் 50-க்கு மேல் எங்கே ஓட்ட?

சோதனை எளிது, ஆனால் நான் ஏமாந்தது அங்கேதான். ஃபில்டர் டப்பாவைக் கழற்றி, சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஓடவிடாமல், விரலால் ஃபிளாப்பை மெல்லத் தள்ளினேன். மூடியிருக்கையில் கால் வோல்ட் போல, முழுக்கத் திறந்தால் 4-க்கு மேல். டிஜிட்டல் வோல்ட் மீட்டரில் எண்கள் ஒழுங்காக ஏறின. சரி, இது நல்லாத்தான் இருக்கிறது என்று மூடிவிட்டு இரண்டு மாதம் வேறு எங்கெங்கோ தேடினேன். அப்புறம் அப்பாவின் பழைய முள் மீட்டரை மாட்டினால், கால்வாசி திறக்கும் இடத்தில் முள் ஒரு நொடி துடித்து விழுந்தது! கண் சிமிட்டுவதற்குள் வந்துபோகும் அறுப்பை டிஜிட்டல் காட்டவே இல்லை.

கறுப்பு பிளாஸ்டிக் மூடியைச் சுற்றிக் கத்தியை விட்டுக் கிளப்பினேன். யாரோ முன்பே திறந்து ஏனோதானோவென்று ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே மாவு போலத் தூசி. பாலாறு தண்ணீருக்குப் பதில் மணலை அனுப்பும் ஊராயிற்றே. கான்டாக்ட் கிளீனரும் பஞ்சும் போதும், உப்புத்தாள் கூடவே கூடாது. தடத்தில் பள்ளம் தெரிந்தது. உரசும் முனையை அரை மில்லிமீட்டர் பக்கவாட்டில் வளைத்து, தேயாத கார்பன் மேல் ஓடவிட்டேன். கையை அச்சில் திருப்பவில்லை. திருப்பினால் அளவே மாறிவிடும். முள் வழுக்கிக்கொண்டு ஏறியது. சிலிக்கான் வைத்து மூடினேன். 2022 ஜனவரி.

குலுக்கல் அன்றே போனது. அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பிக்கப் கிடைக்குமா என்று மறுபடி திறந்து, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை வைக்கும் பல் சக்கரத்தை இரண்டு பல் தளர்த்தினேன். ஃபிளாப் தேவைக்கு மேல் திறந்து, பெட்ரோல் அதிகம் கொட்டி, ஒரே வாரத்தில் பிளக் எல்லாம் கரி. நல்லவேளை, பழைய இடத்தை நெயில் பாலிஷால் குறித்திருந்தேன். பாயிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம் திடீரென்று ஐடிலிங் தள்ளாடியது. பதறிப்போய் மீட்டரைத் திறந்தால் முள்ளில் குறையே இல்லை. மீட்டருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய், அடி மடிப்பில் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் வளைத்தால்தான் வாயைத் திறக்கும். அந்த வழியாக அளக்காத காற்று உள்ளே போயிருக்கிறது. நம் ஊர் வெயிலில், போனட்டுக்குள் ரப்பர் என்ன பாடுபடும்! புதுசு போட்டதும் தீர்ந்தது. மீட்டரைச் சந்தேகிக்கும் முன் இந்தக் குழாயைப் பாருங்கள்.

இதுவரை 17,000 கிலோமீட்டர் போல ஓடிவிட்டது. இரண்டு முறை ஏலகிரி ஏறினேன், 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு திணறல் இல்லை. போன மாதம் மூடியைக் கிளப்பிப் பார்த்தேன். புதுத் தடமும் அதே கால்வாசி இடத்தில் லேசாகப் பளபளக்கத் தொடங்கியிருக்கிறது. பழைய பள்ளத்தின் மறுபக்கம் இன்னும் ஒரு கோட்டுக்கு இடம் இருக்கிறது.