கூலன்ட் விளக்கு வீணாக எரிந்தால்: சென்சாரைச் சுத்தம் செய்வதா, டேங்கையே மாற்றுவதா, பைபாஸ் போடுவதா?

டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தபட்ச (MIN), அதிகபட்ச (MAX) கோடுகளுக்கு நடுவே சரியாக நிற்கிறது. ஆனாலும் டாஷ்போர்டில் 'கூலன்ட் குறைவு' விளக்கு எரிகிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. மட்டத்தைப் பார்க்கும் சென்சாரைச் சுத்தம் செய்து பார்க்கலாம், சென்சாரையோ டேங்கை முழுசாகவோ மாற்றலாம், அல்லது சென்சாரின் கனெக்டரில் ஒரு வயரைப் போட்டு விளக்கை அணைத்துவிடலாம் (இதுதான் பைபாஸ்). என் வண்டிக்கு நான் டேங்கை மாற்றினேன். மறுபடி இதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அதற்கு முன், விளக்கு வீணாகத்தான் எரிகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எஞ்சின் முழுசாக ஆறியிருக்கும்போது டேங்கின் வெளியே ஒரு டேப்பை ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து, அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, ஆறிய பிறகு பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சென்சாரை விட்டுவிட்டுக் கசிவைத் தேடுங்கள். காலையில் எரிந்து, எஞ்சின் சூடானதும் அணைகிறது என்றாலும் முதலில் மட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த கூலன்ட் சுருங்குவதால் மட்டம் எல்லைக் கோட்டுக்குக் கீழே போகிறது, சூடானதும் மேலே வருகிறது. வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் எரிவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் வரை அழுத்தம் இருக்கும், திறந்த வேகத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மட்டம் இறங்கவில்லையா? சரி, இனி சென்சாரைப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகள் பலவற்றில் டேங்கின் பிளாஸ்டிக்கோடு வார்க்கப்பட்ட இரண்டு உலோகப் பின்கள்தான் சென்சார். கூலன்ட் இரண்டையும் தொட்டுக்கொண்டு இருக்கும்வரை மின்சாரம் கடக்கும், மட்டம் இறங்கினால் தொடர்பு அறும். இன்னொரு வகை, காந்தம் வைத்த மிதவையும், காந்தம் அருகே வந்தால் மாறும் ரீட் சுவிட்சும். பி.எம்.டபிள்யூ ஈ46-இல் மிதவை டேங்குக்குள் இருக்கும், சுவிட்சைக் கீழே இருந்து தனியாகக் கழற்றலாம்.

பின் வகையில் சோதனை எளிது. வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயரால் இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். விளக்கு அணைந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு பின்களில்தான். அணையவில்லை என்றால் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா, வயர் எங்காவது அறுந்திருக்கிறதா என்று தேட வேண்டும். மிதவை வகையில் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (மின்தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் நிலையில்) வைத்து, சுவிட்சின் அருகே ஒரு காந்தத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சுவிட்ச் மாறவே இல்லை என்றால் அது போய்விட்டது.

சுத்தம் செய்வது முதலில் முயல வேண்டிய வழி. டேங்கைக் கழற்றி, பின்களின் மேல் படிந்திருக்கும் பழுப்புப் படிவை நீளமான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் பல நேரம் விளக்கு அணைந்துவிடும். கசிவை அடைக்கும் மருந்து ஊற்றிய வண்டிகளில் இந்தப் படிவு அதிகம். அப்புறம் ஒரு விஷயம்: மறுபடி மறுபடி வெறும் டிஸ்டில்ட் வாட்டரையே ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தால் கூலன்ட் நீர்த்துப்போய் மின்கடத்தும் தன்மை குறையும். பின்கள் சுத்தமாக இருந்தாலும் விளக்கு எரியலாம். அங்கே சரியான கலவையை நிரப்புவதுதான் மருந்து.

ஆனால் சுத்தம் செய்த பின் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. பின்னின் உலோகம் ஏற்கெனவே அரித்துப்போயிருந்தால் படிவு அதே இடத்தில் சீக்கிரம் பிடிக்கிறது. விளக்கு கொஞ்ச நாள் அணைந்திருந்து, ஒரு நாள் மீண்டும் எரியும். அப்போது மனசு என்ன சொல்லும்? 'பழையபடி சென்சார்தான்' என்று சொல்லும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் மாற்றும் பக்கம் நிற்கிறேன். பாதி நாள் வீணாக எரியும் விளக்கை ஓட்டுநர் நம்ப மாட்டார். கூலன்ட் நிஜமாகவே வடியும் நாளிலும் அவர் வண்டியை நிறுத்த மாட்டார்.

டெம்பரேச்சர் முள் இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த சென்சார் கூலன்ட்டில் மூழ்கி இருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்துக் கூலன்ட் போய்விட்டால் அது காற்றையும் நீராவியையும்தான் அளக்கும். போதாததற்கு, பல வண்டிகளில் முள் ஒரு பெரிய வெப்ப வரம்பு முழுக்க நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் நகரும் நேரத்தில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையத் தொடங்கியிருக்கலாம், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம். மட்டத்தைப் பார்க்கும் சென்சார் மட்டும்தான் எஞ்சின் சூடேறும் முன்பே சொல்லக்கூடியது. ஆகவே பைபாஸ் எனக்குத் தீர்வே இல்லை. புதுப் பாகம் வந்து சேரும்வரை, தினமும் பானட்டைத் திறந்து மட்டத்தைப் பார்க்கிறவர் போடலாம், அவ்வளவுதான். பைபாஸ் போட்ட வண்டியை விற்றால், வாங்குகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது அநியாயம்.

டேங்கை மாற்றுவதில் இன்னொரு லாபம் உண்டு. வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் மஞ்சளாகி, இரு பாதிகளும் சேரும் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிந்து ஆவியாகிவிடுவதால் தரையில் ஈரமே தெரியாது. என் பழைய டேங்கைக் கழற்றியபோது அந்த ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பின்களை மட்டும் தேய்த்துவிட்டு அதையே மாட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. மிதவை வகையில், சுவிட்ச் மட்டும் போயிருந்தால் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைக்கிறேன், அந்த வகையில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. மிதவையே உள்ளே சிக்கியிருந்தால் அங்கேயும் டேங்க்தான். வேறு கம்பெனிகள் செய்யும் மலிவான டேங்குகளை நான் பயன்படுத்தியதில்லை, வண்டிக் கம்பெனியின் பாகத்தைத்தான் போட்டேன்.

புதுசை மாட்டும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். காலி டேங்கில் கனெக்டரைச் செருகி இக்னிஷனைப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் விளக்கு எரிய வேண்டும். மாட்டி, வண்டிக்குரிய கூலன்ட்டை நிரப்பியதும் அணைய வேண்டும். இரண்டும் நடந்தால் சென்சார் இரண்டு பக்கமும் சரியாகச் சொல்கிறது என்று அர்த்தம். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றி, மறுநாள் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்த்துக் குறைந்திருந்தால் நிரப்புங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதும் மட்டம் கொஞ்சம் இறங்குவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம்.